வண்டியில் ஆள் இருக்கு

கோயமுத்தூரில் அந்த நாட்களில் எல்லோருக்கும் வேண்டப்பட்டவர்கள் யாரென்றால், வேலைவெட்டி இல்லாமல் வீட்டில் சும்மா இருப்பவர்கள்தான். கலெக்டருக்குக்கூட அத்தனை அழைப்பு வந்திருக்காது. வடவள்ளி சென்னியப்பனையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கல்யாணம், மத்தியானம் பல் ஆஸ்பத்திரி, சாயங்காலம் ஜவுளிக்கடை என்று மனுஷனுக்கு ஒழிந்த பொழுதே கிடையாது. எல்லா இடத்துக்கும் போனார். எந்த இடத்திலும் வண்டியை விட்டு இறங்கவில்லை.

சென்னியப்பன் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பொள்ளாச்சி வண்டியில் வேலை பார்த்த காலம் முழுக்க நின்றுகொண்டே பயணம் செய்தவர் என்பதால், கடவுள் கடைசிக் காலத்தில் உட்கார்ந்தே கழிக்கும் வேலையைக் கொடுத்துவிட்டார் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, பிள்ளைகுட்டி இல்லாத அவரை அண்ணன் மகள் நிவேதா தன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். நிவேதாவின் கணவன் பிரபாகர் கணபதியில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருந்தான். நல்லவன்தான். ஆனால் பார்க்கிங்குக்குக் காசு கொடுப்பது என்றால் மட்டும் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். நோ பார்க்கிங்கில் வண்டியை விட்டுவிட்டு, உள்ளே யாரையாவது உட்கார வைத்துவிட்டுப் போவது நம் ஊரில் வெகுகாலமாக உள்ள வழக்கம். போலீஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினால், "வண்டியில ஆள் இருக்குங்க" என்று உள்ளிருந்து ஒரு குரல் வரும். அவரும் போய்விடுவார். தனியார் பார்க்கிங் கம்பெனிகளின் அட்டூழியம் தாங்க முடியாமல் யாரோ ஒரு புண்ணியவான் வழக்குப் போட, இந்த வழக்கமே கடைசியில் சட்டமாகிவிட்டது. உள்ளே மனிதர் இருக்கும் வண்டி நிறுத்திய வண்டி ஆகாது, அது காத்திருக்கும் வண்டி, அதற்குக் கட்டணம் கேட்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. ஊரே வெடி வெடித்துக் கொண்டாடியது.

கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? கோவையின் மண்டபம், ஆஸ்பத்திரி, மால், மைதானம் அத்தனையிலும் பார்க்கிங் குத்தகை எடுத்திருந்த நங்கூரம் என்ற கம்பெனி, ஒவ்வொரு வண்டிக்கும் நேர் மேலே இட்லித் தட்டு அளவில் ஒரு கருவியை மாட்டியது. வண்டியின் கூரை வழியாக உள்ளே இருப்பவரின் மூச்சையும் நெஞ்சுத் துடிப்பையும் அது கேட்கும். கேட்டால் பச்சை விளக்கு. கேட்காவிட்டால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் சாதாரணக் கட்டணம் இல்லை, ஏமாற்றுக் கட்டணம். ஆள் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போன குற்றத்துக்காகப் பல மடங்கு. கட்டும்வரை அந்த வண்டிக்கு ஊரில் தனியார் பார்க்கிங் கேட் ஒன்றும் திறக்காது.

நம் ஆட்கள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். வேட்டி கட்டிய பொம்மையை வைத்தார்கள். நாட்டுக்கோழியை வைத்தார்கள். நாயை வைத்ததில் சீட் போனதுதான் மிச்சம். கடைசியில் யாரோ ஒரு பையன் நெஞ்சுத் துடிப்பைப் பதிவு செய்து போனில் ஓட விட்டான். கொஞ்ச நாள் ஊரே போனை சீட்டில் வைத்துவிட்டுப் படம் பார்த்தது. பிறகு கருவி சுதாரித்துக்கொண்டது. மனித நெஞ்சு எப்போதும் கொஞ்சம் முன்னே பின்னேதான் அடிக்குமாம். கடிகாரம் மாதிரி அடிபிசகாமல் அடித்தால் அது ஆள் இல்லை, போன்தான் என்று கண்டுபிடித்துவிட்டது.

ஆகவே உயிருள்ள ஆள்தான் வேண்டும் என்றாகிவிட்டது. வண்டியில் யார் உட்காருவது என்று எந்த வீட்டிலும் ஓட்டெடுப்பு நடத்தவில்லை. ஆனாலும் எல்லா வண்டியிலும் ஒரே மாதிரி ஆட்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார், கல்யாணமாகாத அத்தை, வேலை போன மச்சினன், தூரத்துச் சித்தி. யார் உள்ளே வராவிட்டால் யாருக்கும் குறை தெரியாதோ அவர்கள். இது அவர்களுக்கும் தெரியும். தெரிந்ததைச் சொல்லிக்கொள்ளாமல் இருக்க ஒரு பக்குவம் வேண்டும், அது அவர்களிடம் இருந்தது.

தரைக்கடிப் பார்க்கிங்குகளில் அது ஒரு தனி ஊராகவே நடந்தது. பக்கத்து வண்டிக் கண்ணாடியை இறக்கினால் அக்கம்பக்கம். முறுக்கு கை மாறும். ஜாதகம் கை மாறும். சொந்தத்தில் ஆள் இல்லாதவர்களுக்காக மணிக்கணக்கில் வாடகைக்கு உட்காருபவர்களும் வந்துவிட்டார்கள். ருக்மணி அப்படிப்பட்டவள். சென்னியப்பனைப் பார்த்தால் பக்கத்து வண்டியிலிருந்து குரல் கொடுப்பாள்.

"ஏனுங் கண்டக்டரே, இன்னிக்கு மேல என்ன விசேஷமுங்க?"

"கல்யாணமுங்க. பொண்ணு டாக்டராம். மாப்பிள்ளையும் டாக்டராம்."

"பொண்ணு எப்படி, லட்சணமா?"

"அதை மேல போனவங்க வந்து சொல்லோணும்" என்பார் சென்னியப்பன். இருவரும் சிரிப்பார்கள்.

எந்த மண்டபத்தில் எந்தத் தூண் பக்கம் காற்று வரும், எந்த ஆஸ்பத்திரியில் செல்போன் எடுக்கும் என்பதெல்லாம் சென்னியப்பனுக்கு அத்துபடி. நிவேதா பந்தி முடிந்ததும் மறக்காமல் அவருக்கு இலையில் கட்டிக்கொண்டு வருவாள். அவருக்கு ஒரு குறையும் இல்லை. "எங்க போனாலும் என்னையும் கூட்டிட்டுத்தான் போறாங்க" என்று பெருமையாகவே சொல்வார். அதில் பாதி உண்மை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு ஆசை இருந்தது. நிவேதா வள்ளி கும்மி ஆட்டம் கற்றுக்கொண்டிருந்தாள். மாதக்கணக்காக மொட்டை மாடியில் பயிற்சி. பாட்டு முழுவதும் கேட்டுக் கேட்டு சென்னியப்பனுக்கு மனப்பாடம். அவள் அடி தவறினால் கீழே கட்டிலில் படுத்திருக்கிற இவர் முதுகு நிமிரும். அரங்கேற்றம் தொண்டாமுத்தூர்ப் பக்கத்து மைதானத்தில் என்று முடிவானபோது நிவேதாவே வந்து சொன்னாள்.

"சித்தப்பா, அன்னிக்கு நீங்க முன்வரிசையில உக்காந்து பாக்கோணுமுங்க. சும்மா சாக்குச் சொல்லக் கூடாது."

"வராம என்ன கண்ணு" என்றார். அன்றைக்கு அவர் இரண்டு தடவை சட்டையைத் தேய்த்தார்.

ஆனால் அரங்கேற்ற நாள் பெரிய முகூர்த்த நாளாகப் போய்விட்டது. ஊரில் ஒரு வாடகை ஆள் மீதமில்லை. ருக்மணியை யாரோ திருப்பூர் வரை கூட்டிப் போய்விட்டார்கள். மைதானத்தில் வண்டியை விட்டதும் பிரபாகர் தலையைச் சொறிந்தான். மேலே பச்சை விளக்கைப் பார்த்தான், சின்ன மாமனாரைப் பார்த்தான், மறுபடி விளக்கைப் பார்த்தான். நிவேதா பச்சைச் சேலையில் முன்னாலேயே ஓடிவிட்டிருந்தாள்.

"நீங்க போங்க மாப்ள" என்றார் சென்னியப்பன். "நான் இருக்கறேன். பாட்டு இங்கயே நல்லாக் கேக்குது."

பிரபாகர் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பாதியில வந்து மாத்தி உடறனுங்க மாமா" என்று போனான். போனவன் போனவன்தான்.

பாட்டு நன்றாகத்தான் கேட்டது. நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே நேரத்தில் கை தட்டும்போது வண்டிக் கண்ணாடியே அதிர்ந்தது. சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு முழங்காலில் தாளம் போட்டார். இப்போது குனிகிறாள், இப்போது திரும்புகிறாள் என்று ஒவ்வொரு அடியும் அவருக்குத் தெரிந்தது. நடுவில் இரண்டொரு தடவை பாட்டு எங்கேயோ தூரமாகப் போய்த் திரும்பி வந்த மாதிரி இருந்தது. மைக் சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் பிரபாகரின் போனுக்கு நங்கூரத்திலிருந்து கட்டணம் வந்து நின்றது. மைதானத்தில் நின்ற வண்டியில், நிகழ்ச்சிக்கு நடுவே, ஆள் இல்லை.

பிரபாகர் கத்தியிருந்தால் பரவாயில்லை. அவன் மெதுவாகச் சொன்னான். "மாமா, ஆசையா இருந்துச்சுன்னா சொல்லியிருக்கலாமில்லீங்க. நான் வந்து உக்காந்திருப்பன்ல?"

"நான் எங்கயும் போகலீங்க மாப்ள."

"எட்டிப் பாத்துட்டு வந்ததுல தப்பில்லீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா..."

"எறங்கவே இல்லைங்கறன்!"

நிவேதா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அது வேறு ஏதோ. "சித்தப்பா, பாத்தீங்களா? நான் ஆடினதைப் பாத்தீங்களா?"

பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளுக்கு ஜென்மம் சாபல்யம். சென்னியப்பனுக்கு நாக்கு நுனிவரை வந்தது. வாழ்நாள் முழுக்கச் சில்லறைக்குக் கணக்குச் சொல்லிப் பழகிய மனுஷர், முழுங்கிவிட்டார். "இல்ல கண்ணு. வண்டியிலயே இருந்தேன்."

அவள் முகம் விழுந்தது. பிரபாகர் நம்பவில்லை என்பதும் தெரிந்தது. சென்னியப்பனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. போய்ப் பார்த்துவிட்டுப் பழி வந்தாலாவது பார்த்த சந்தோஷம் மிஞ்சியிருக்கும். ஆசையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கா இந்தப் பேர்? அது மட்டுமா? ஆள் இல்லையாம். உட்கார்ந்திருப்பது ஒன்றுதான் இந்த வீட்டில் அவருக்கு இருந்த வேலை. அதிலும் அவர் ஆள் இல்லை என்றால், பிறகு அவர் என்னதான்?

"அப்பீல் பண்ணுங்க மாப்ள" என்றார். "நான் இருந்தேன்னு நிரூபிச்சே தீரோணும்."

காசு மிச்சமாகும் வழி என்றால் பிரபாகருக்கும் கசக்குமா? மனுப் போட்டான்.

நங்கூரம் அனுப்பிய கட்டணத்தை நங்கூரமே விசாரிக்கும். அதுதான் அங்கே நடைமுறை. அவினாசி சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் பின்புறம் அப்பீல் அலுவலகம். அங்கே ஷாஹிதா என்ற அதிகாரி உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். எல்லோரையும் மரியாதையாக உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, தள்ளுபடி செய்து அனுப்புவது அவள் வேலை.

"இதுவரைக்கும் இங்க யாராவது ஜெயிச்சிருக்காங்களாங்க?" என்று பிரபாகர் நேரடியாகவே கேட்டான்.

"நான் வந்ததுக்கப்புறம் இல்லீங்க சார்."

"அப்ப எதுக்குங்க இந்த ஆபீஸு?"

"அப்பீல் பண்ண இடமே இல்லைன்னா கோர்ட்ல கேள்வி கேப்பாங்க. அதுக்குத்தான் நான் இருக்கேன்" என்றாள் ஷாஹிதா. அவள் குரலில் ஒளிவுமறைவு இல்லை. அலுப்புத்தான் இருந்தது. "கருவி கோளாறுன்னு காட்டினாத்தான் ரத்து பண்ண முடியும். கருவி இதுவரைக்கும் கோளாறானதில்லை."

சென்னியப்பன் எழுந்து நின்றார். "அம்மிணி, எனக்குப் படிப்புக் கம்மி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க கருவிக்கு அடியில என்னை உக்கார வையுங்க. நீங்களே பாருங்க. நான் ஆளா இல்லையான்னு அது சொல்லட்டும்."

ஷாஹிதா நிமிர்ந்து பார்த்தாள். இப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. "வாங்க ஐயா" என்றாள்.

பின்பக்கம் கருவிகளைச் சோதிக்கும் கொட்டகை இருந்தது. பழைய கார் ஒன்று, மேலே கருவி, விளக்கு. சென்னியப்பன் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். பச்சை. நேரம் போனது. பச்சை. டீ வந்தது, குடித்தார்கள். அப்போதும் பச்சை. பிரபாகர் கொட்டாவி விட்டான். தோற்ற கேஸ் என்று முடிவுகட்டி, மத்தியானக் கடை வியாபாரத்தை நினைக்க ஆரம்பித்துவிட்டான்.

உள்ளே உட்கார்ந்திருந்த சென்னியப்பனுக்கு வேறு வழி தெரியாமல், அன்றைக்குச் செய்ததையே செய்து பார்ப்போம் என்று தோன்றியது. கண்ணை மூடினார். முழங்காலில் தாளம் போட்டு, வாய்க்குள் கும்மிப் பாட்டை முணுமுணுத்தார். இப்போது குனிகிறாள். இப்போது திரும்புகிறாள். பாட்டு லேசாகத் தூரம் போனது.

அவர் கண்ணைத் திறந்தபோது வெளியே பிரபாகர் குதித்துக்கொண்டிருந்தான்.

"செவப்பு! செவப்பு வந்துச்சுங்க! நான் கண்ணால பாத்தேன்! மாமா உள்ளதான் இருக்காரு, செவப்பு எரியுது! இப்ப பாருங்க, பச்சை! உங்க மெஷினு லூசுங்க!"

டீக்காரர், வாட்ச்மேன் எல்லாம் கூடிவிட்டார்கள். நங்கூரம் தோற்பதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? அவர்களும் அந்த ஊரில் வண்டி வைத்திருப்பவர்கள்தானே. பிரபாகர் வண்டிக் கதவைத் திறந்து மாமனாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "மன்னிச்சுக்கோங்க மாமா. உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன்." கண்ணில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. உடனேயே வாட்ச்மேனிடம் ஜாங்கிரி வாங்கி வரச் சொல்லிப் பணம் கொடுத்தான். கொடுத்தது பிரபாகர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சென்னியப்பனுக்குக் காலம் போன கடைசியில் ஒரு பதக்கம் வாங்கின மாதிரி இருந்தது. "நான்தான் சொன்னேனே" என்று எல்லோரிடமும் சொன்னார். டீக்காரரிடம் இரண்டு தடவை சொன்னார்.

ஷாஹிதா மட்டும் சிரிக்கவில்லை. "சார், நீங்க கொஞ்சம் உள்ள உக்காருங்க" என்று பிரபாகரை உட்கார வைத்தாள். பச்சை. அசையவில்லை. வாட்ச்மேனை உட்கார வைத்தாள். பச்சை. தானே போய் உட்கார்ந்தாள். பச்சை. மறுபடி சென்னியப்பனை உட்கார வைத்துவிட்டு, விளக்கைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் நின்றாள். ஜாங்கிரி வந்து சேர்ந்த சமயத்தில் அவர் தலை லேசாகச் சாய்ந்தது. விளக்கு சிவந்தது. ஒரு விசில் ஊதி முடிக்கும் நேரம்தான். தலை நிமிர்ந்தது. பச்சை.

"ஜெயிச்சாச்சு!" என்றான் பிரபாகர்.

"ஐயா" என்றாள் ஷாஹிதா. அவள் குரல் மாறியிருந்தது. "உங்களுக்கு அடிக்கடி கண்ணு இருட்டுமா?"

"இருட்டறதுன்னு இல்லைங் அம்மிணி. சித்த நேரம் அசந்து போவேன். பஸ்ஸு பாலத்துக்கு அடியில போயிட்டு வெளிய வர்ற மாதிரி. வயசாச்சில்லீங்க."

"சார்" என்று அவள் பிரபாகர் பக்கம் திரும்பினாள். "இந்தக் கருவிக்குக் கண்ணு கெடையாது. சீட்ல கனம் இருக்கான்னும் பாக்காது. மூச்சையும் நெஞ்சுத் துடிப்பையும்தான் கேக்கும். ரெண்டுல நெஞ்சுத் துடிப்பு கேக்கலைன்னாலே ஆள் இல்லைன்னு எழுதிரும். புரியுதுங்களா? அது கோளாறு இல்லை."

ஜாங்கிரிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த பிரபாகரின் கை அப்படியே நின்றது. புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப அன்னிக்கு மைதானத்துல... மாமாவுக்கு நெஞ்சு நின்னு நின்னு அடிச்சிருக்கு. அது உங்க மெஷினுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் பில்லு போட்டு அனுப்பியிருக்குதுங்களா?"

"அதுக்குச் சொல்லிக் குடுத்தது ஒண்ணுதாங்க சார். துடிப்பு கேக்கலைன்னா கட்டணம் போடு. வேற எதுவும் சொல்லிக் குடுக்கலை." ஷாஹிதா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அவசரமாகச் சொன்னாள். "நான் கருவிக் கோளாறுன்னு எழுதி ரத்து பண்ணிடறேன். பொய்தான், பரவாயில்லை. மேனேஜர் கையெழுத்துப் போடோணும், மத்தியானம் வந்துருவாரு..."

"பில்லு கெடக்குதுங்க!" என்றான் பிரபாகர். ஜாங்கிரியை அங்கேயே போட்டுவிட்டு மாமனாரின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

"ஏன் மாப்ள, ஜெயிச்சுட்டு எதுக்கு ஓடறீங்க?" என்று கேட்டுக்கொண்டே சென்னியப்பன் கூடப் போனார்.

போனில் விஷயத்தைக் கேட்டு, தங்கள் கடை வாசலில் வந்து நின்ற நிவேதாவையும் வழியில் ஏற்றிக்கொண்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால், கேட் திறக்கவில்லை. அங்கேயும் நங்கூரம்தான். கம்பத்தில் இருந்த திரையில் எழுத்து ஓடியது. முந்தைய கட்டணம் பாக்கி உள்ளது. குறிப்பிட்ட நேரத்தில் உங்கள் வண்டியில் ஆள் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா? ஒப்புக்கொண்டால் பணம் பிடித்துக்கொள்ளப்படும், அப்பீல் ரத்தாகும், கேட் திறக்கும். மறுத்தால் வண்டியைத் திருப்பவும்.

பின்னால் ஹாரன் சத்தம். பிரபாகர் கையை நீட்டினான்.

"அமுக்காதீங்க மாப்ள!" சென்னியப்பன் முன்சீட்டைப் பிடித்து உலுக்கினார். நிலைமை என்னவென்று வழியிலேயே நிவேதாவின் அழுகையிலிருந்து அவருக்கு ஓரளவு தெரிந்துவிட்டது. ஆனாலும் இது வேறு. "ஒத்துக்கிட்டா நான் எறங்கிப் போனேன்னு ஆயிரும். நான் போகலை. நான் உள்ளதான் இருந்தேன்!"

பிரபாகர் திரும்பி அவரைப் பார்த்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தது அன்றுதான் என்று தோன்றுகிறது.

"தெரியுமுங்க மாமா" என்றான். "நீங்க இருந்தீங்க. நாங்கதான் இல்லை."

அமுக்கினான். கேட் திறந்தது.

உள்ளே வண்டி நின்றதும் நிவேதா ஒரு பக்கம் இறங்கினாள், பிரபாகர் ஒரு பக்கம் இறங்கினான். இரண்டு கதவும் டப் டப் என்று சாத்திக்கொண்டன. இருவரும் வேகவேகமாகப் படிவரை நடந்துவிட்டார்கள். சென்னியப்பன் பின்சீட்டில் சாய்ந்து, கண்ணாடியை இறக்கி, வழக்கம்போல் குரல் கொடுத்தார்.

"நிதானமா பாத்துட்டு வாங்க. நான் இருக்கறேன்."

"சரிங் சித்தப்பா" என்று சொல்லி இரண்டு அடி வைத்த பிறகுதான் நிவேதாவுக்கு உறைத்தது. நின்றாள். பிரபாகரும் நின்றான். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பழக்கம் என்பது எத்தனை பொல்லாதது என்று பாருங்கள்.

"உங்களைத்தான் காட்டோணும் மாமா! எறங்குங்க!" என்று பிரபாகர் ஓடி வந்தான்.

"அப்ப வண்டியில யாரு?"

நிவேதா புருஷனைப் பார்த்தாள். பிரபாகர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். அவர்கள் லிப்ட் வரை போவதற்குள் பின்னால் தடதடவென்று செருப்புச் சத்தம் கேட்டது. பிரபாகர்தான். மூச்சு வாங்கிக்கொண்டு வந்து மாமனாரின் மறு கையைப் பிடித்துக்கொண்டான். தூரத்தில் காலி வண்டிக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

சரியான நேரத்தில் கொண்டு வந்தீர்கள் என்றார் டாக்டர். தோள்பட்டைக்குக் கீழே தோலைக் கீறி, தீப்பெட்டி அளவில் ஒரு பேஸ்மேக்கர் வைத்தார்கள். நெஞ்சு சோம்பல் பட்டால் அது தட்டி எழுப்பும். இவர் நெஞ்சு பெரும்பாலும் சோம்பல்தான் பட்டது. கண் இருட்டுவது நின்றது. கன்னத்தில் சதை போட்டது. ருக்மணி பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "நீங்க இல்லாம அடியில ஒரே சூன்யமா இருக்குதுங் கண்டக்டரே" என்றாள்.

சில மாதங்கள் கழித்து நிவேதாவின் குழுவுக்கு அன்னூரில் ஒரு நிகழ்ச்சி வந்தது. மைதானத்தில் வண்டி நின்றது. நிவேதா பச்சைச் சேலையோடு ஓடினாள். சென்னியப்பன் பழக்க தோஷத்தில் பின்சீட்டில் சௌகரியமாகச் சாய்ந்தார். இத்தனை நாள் தன்னால் வீட்டுக்கு எவ்வளவு சிரமம், இனியாவது பழையபடி உபயோகமாக இருக்கலாம் என்பது அவர் நினைப்பு.

"நீங்க போங்க மாப்ள. இப்பத்தான் இன்ஜின் புதுசாயிருச்சே. நான் இருக்கறேன்."

வண்டியை விட்டு இறங்கி நின்ற பிரபாகர் மேலே பார்த்துக்கொண்டிருந்தான். விளக்கு சிவப்பாக எரிந்தது.

சென்னியப்பன் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். நகர்ந்து உட்கார்ந்தார். மார்பைத் தட்டிப் பார்த்தார். இருமிப் பார்த்தார். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. கம்பத்துத் திரையில் எழுத்து வந்தது. வண்டியில் ஆள் இல்லை. ஒலிப்பதிவு பயன்படுத்தப்படுகிறது.

பிரபாகர் ஷாஹிதாவுக்குப் போன் போட்டான். அவள் விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"பேஸ்மேக்கர் அடிபிசகாம அடிக்குதில்லீங்களா சார், அதனால போன்னு நெனச்சுக்குது. ஆளுக நெஞ்சு அப்படி அடிக்காதுன்னு அதுக்குச் சொல்லி வச்சிருக்காங்க."

"அட. அன்னிக்கு நெஞ்சு நின்னுச்சு, ஆள் இல்லைன்னுது. இன்னிக்கு நிக்காம அடிக்குது, இன்னிக்கும் ஆள் இல்லைங்குது!"

"மேலிடத்துக்கு எழுதிப் போட்டா ஐயா பேரைத் தனியாச் சேத்துப் பச்சை விழற மாதிரி பண்ணிருவாங்க. நானே எழுதறேன். அப்புறம் சார், நெஞ்சு நின்னா ஆம்புலன்ஸுக்குத் தகவல் போற மாதிரி செய்யலாம்னும் எழுதியிருந்தேன். ஏத்துக்கிட்டாங்க. அதுக்குத் தனியா எவ்வளவு கட்டணம் வைக்கலாம்னு மீட்டிங் நடக்குது." அவள் சிரிப்பது கேட்டது. சந்தோஷமான சிரிப்பு இல்லை. "ஐயாவுக்கு எழுதட்டுங்களா?"

பிரபாகர் பின்சீட்டைப் பார்த்தான். சென்னியப்பன் இன்னும் மார்பைத் தட்டிக்கொண்டிருந்தார். மைதானத்திலிருந்து முதல் பாட்டுக்கு மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் வந்தது.

"வேண்டாமுங்க மேடம்" என்றான் பிரபாகர். "எழுதாதீங்க. இது இப்படியே இருக்கட்டும்."

போனை வைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்தான்.

"என்னங்க மாப்ள, சரி பண்ணீட்டாங்களா?"

"இல்லீங்க மாமா. ஆகாதுன்னுட்டாங்க."

சென்னியப்பனின் கை மார்பிலேயே நின்றுவிட்டது. "அப்ப இனி நான் உக்காந்து பிரயோசனம் இல்லையா?"

"ஒரு பிரயோசனமும் இல்லீங்க" என்றான் பிரபாகர். "எறங்குங்க. இனி எங்க போனாலும் நீங்களும் உள்ளதான் வரோணும். வேற வழியே இல்லை."

சென்னியப்பன் அவன் முகத்தைப் பார்த்தார். முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவருக்கு, ஓசிப் பயணம் செய்பவனின் பொய்யும் தெரியும், மற்றப் பொய்யும் தெரியும். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு இறங்கினார். பிரபாகர் திரையில் ஒப்புக்கொள்கிறேன் என்பதை அமுக்கினான். முழுக் கட்டணம்.

முன்வரிசையில் இடம் இருந்தது. பச்சைச் சேலைகள் வட்டமாக வந்து நின்றன. நிவேதா முதல் அடி எடுத்து வைத்தவள், சித்தப்பாவைப் பார்த்ததும் அடி தவறினாள். பக்கத்தில் ஆடியவள் மேல் இடித்துக்கொண்டு, சமாளித்து, சிரித்து, அழுது, மறுபடி வரிசையில் சேர்ந்துகொண்டாள். சென்னியப்பன் நாக்கை மடித்து ஒரு விசில் அடித்தார். பொள்ளாச்சி வரைக்கும் கேட்டிருக்கும்.

"ரைட்! போலாம்!" என்றார்.